ஆய்வு செய்பவர்களும் களத்தில் இருப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் வட ஆற்காட்டுக்கு என்ன கிடைக்கும்?

கணியம்பாடிக்காரன்:

நண்பர்களே, ஒரு யோசனை. திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டானது. அதில் வேலூர் 2019-ல் மூன்றாக உடைந்தது. இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு கலெக்டர் ஆபீஸ். ஆனால் இந்த மண்ணைப் பற்றி வந்த ஆய்வுகளை ஒரு மேஜையில் அடுக்கினால் மேஜை கொள்ளாது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தூசி கிராமத்தை, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கிலேயே தன் மாணவர்களை வைத்துக் கணக்கெடுத்தார். 1936-37-ல் மறுபடி போனார்கள். 1980-களில் இன்னொரு தடவை. 1973-74-ல் கேம்பிரிட்ஜும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நெல் விளைகிற கிராமங்களில் வீடு வீடாக விசாரித்தன. அந்தக் குழுவோடு வந்த பார்பரா ஹாரிஸ்-வைட், ஆரணி டவுனின் வியாபாரத்தை அதற்கப்புறம் நாற்பது வருஷம் விடாமல் கவனித்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எங்கள் கணியம்பாடி ஒன்றியத்திலும், 1977 முதல் கே.வி.குப்பத்திலும் செய்த வேலை தனிக் கதை.

இப்போது ஆரணிப் பக்கம் மகளிர் குழு நடத்துகிற ஒருவரிடம் போய், உங்கள் ஊரைப் பற்றி அரை நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது தெரியுமா என்று கேளுங்கள். முழிப்பார். ஆய்வு செய்ய வருகிற பிள்ளைகளிடம், அதே ஊரில் வருஷக்கணக்காக ஏரி வாய்க்காலுக்காக அலைகிற சங்கம் ஒன்று இருக்கிறதே, பார்த்தாயா என்று கேளுங்கள். அவர்களும் முழிப்பார்கள்.

நான் சொல்வது இதுதான். நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து, வருஷத்துக்கு இரண்டு தடவை இரண்டு தரப்பும் உட்கார வேண்டும். இங்கே ஆய்வு செய்கிற எவரும் நாலு பக்கமாவது தமிழில் எழுதி அந்த ஊராட்சியிடம் கொடுக்க வேண்டும். களத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு விடை தெரியாத கேள்விகளை ஆய்வாளர்களிடம் வைக்க வேண்டும். சரியா, தப்பா?

ஆரணி அக்கா:

தம்பி, நல்ல மனசு. ஆனால் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? ஒரு ஹால், ஒரு பேனர், குத்துவிளக்கு. பேராசிரியர் நாற்பது நிமிஷம் பேசுவார். எங்களுக்கு ஐந்து நிமிஷம், அதிலும் மூன்று நிமிஷம் மேடையில் இருப்பவர்களுக்கு வணக்கம். அப்புறம் சாப்பாடு. போட்டோ மட்டும் மிஞ்சும்.

நான் படிவம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள். ஒரு ஆய்வு இல்லை, பல ஆய்வு. எங்களுக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு. "போன ஏழு நாளில் எத்தனை முறை பருப்பு சாப்பிட்டீர்கள்" என்று நான் கேட்டால், அந்தம்மா என் முகத்தைப் பார்த்து, "நீ எவ்வளவு போட்டா உனக்கு நல்லது, அதைப் போட்டுக்கோ" என்பார். ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து மாட்டை மறைப்பவர்கள் உண்டு. வீடு கிடைக்கும் என்று நினைத்து ஓட்டு வீட்டைக் குடிசை என்பவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னிடம் படிவம் வாங்கியவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

ஆய்வாளருக்கும் ஊருக்கும் நடுவில் பாலம் இல்லை என்கிறாயே, பாலமாகக் கிடந்தது நாங்கள்தான். மிதித்துக்கொண்டு போனார்கள். புதுசாக ஒரு பாலம் கட்டுவதற்கு முன்னால் இருக்கிற பாலத்துக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்.

வறண்ட கிணறு:

முனைவர் பட்டத்துக்குக் கிணற்றுப் பாசனம் பற்றி ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன், ஊர் போளூர் பக்கம். எனக்கு அடி விழும் என்று தெரிந்தே சொல்கிறேன்: கணியம்பாடிக்காரன் அண்ணன் யோசனையில் எனக்குப் பயம் இருக்கிறது.

1973-ல் அந்தக் கேம்பிரிட்ஜ்-சென்னைக் குழு வந்தபோது, பசுமைப் புரட்சி வந்துவிட்டது, குண்டு நெல் விளைந்து கொட்டுகிறது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு, புதிய ரகம் சொன்ன அளவுக்குப் பரவவில்லை, வசதியுள்ளவனுக்குத்தான் கைகொடுத்திருக்கிறது என்று எழுதினார்கள். 1977-ல் வந்த புத்தகத்தின் தலைப்பில் பசுமைப் புரட்சி என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். விவசாய இலாகாவோடு முதலிலேயே உட்கார்ந்து, உங்களுக்கு எது உபயோகம் என்று கேட்டுவிட்டுத் தொடங்கியிருந்தால் அந்தக் கேள்விக்குறி வந்திருக்குமா?

இன்னொன்று. பத்து வருஷம் கழித்து, 1982-84-ல், கோவை வேளாண் பல்கலைக்கழக ராமசாமியும் பீட்டர் ஹேசலும் அதே ஊர்களுக்குப் போனார்கள். முதல் ஆட்கள் சொன்னதற்கு மாறாக, சின்ன விவசாயியும் கூலிக்காரரும்கூட முன்னேறியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். அப்புறம் 1993-95-ல் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் ஜனகராஜனும் சில ஊர்களுக்கு மறுபடி போனபோது கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. ஆளுக்கு ஆள் ஆழப்படுத்துகிற போட்டி. தோண்டக் காசு இல்லாதவன் பக்கத்துக் கிணற்றுக்காரனிடம் தண்ணீருக்கு நிற்கிறான். ஒரே மண்ணுக்கு மூன்று விடை, மூன்றும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. இதற்கு இருபது வருஷம் ஆனது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டம் போட்டு, "என்ன தம்பி, ஏதாவது உபயோகமாகக் கண்டுபிடித்தாயா" என்று கேட்டால், நான் உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வேன்.

ஆரணி அக்கா:

மூன்று விடையும் சரி, தம்பி. 1977-ல் வந்ததை அந்த ஊரில் யார் படித்தார்கள்? கிணறு வற்றியது ஊர்க்காரனுக்குப் புத்தகம் பார்த்தா தெரிய வேண்டும்?

வறண்ட கிணறு:

தன் கிணறு வற்றியது தெரியும் அக்கா. ஒட்டுமொத்தமாக எல்லாக் கிணறும் ஏன் வற்றுகிறது என்பது தெரியாது. கடவுள் மேல், மழை மேல், அடுத்த வீட்டுக்காரன் மோட்டார் மேல் பழி போடுவார்கள். இலவச மின்சாரம், கைவிடப்பட்ட ஏரி, ஆழ்துளைக் கடன் எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகிறது என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

பாலாற்றங்கரை:

நான் வாணியம்பாடிக்காரன். உங்கள் சண்டை எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. எங்களுக்கு ஆய்வுக்குப் பஞ்சமே இல்லை. பாலாற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாத காலேஜ் ஏதாவது உண்டா?

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் யாரும் தொடவில்லை. இந்த மாவட்டத்தில் ஆய்வும் களமும் உண்மையிலேயே சேர்ந்தது ஒரு இடத்தில். எந்தக் கருத்தரங்கிலும் இல்லை, உச்ச நீதிமன்றத்தில். தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு. தோல் ஆலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ கெட்டுவிட்டது என்று சொன்னது யார்? வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். திண்டுக்கல் பக்கம் 467 கிணறு பார்த்து 350 கெட்டுப்போச்சு என்று எண்ணியது யார்? ஒரு தொண்டு அமைப்பு. இரண்டையும் 1996 ஆகஸ்டு தீர்ப்பில் வரிசையாகப் பார்க்கலாம். கெடுத்தவன்தான் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு அது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரியில் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள்.

அப்படிச் சேர வைத்தது எது? எதிர்த் தரப்பு ஒன்று இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. உங்கள் கூட்டத்தில் அந்தக் கட்டாயம் எங்கிருந்து வரும்?

கணியம்பாடிக்காரன்:

அண்ணே, தீர்ப்பு வந்ததே, ஆறு வந்ததா?

பாலாற்றங்கரை:

வரவில்லை. 2001-ல் இழப்பீட்டு ஆணையம் 29,000 பேருக்கு மேல் கணக்குப் பார்த்து ஏறக்குறைய 26.8 கோடி என்றது. ஆளுக்குப் பங்கு போட்டால் பத்தாயிரம்கூட வராது. பிறகு கூடுதலாகக் கேட்டு மறுபடி வழக்கு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாக்கியை முதலில் அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. 1991-ல் வழக்கு, 2025-லும் இழப்பீட்டுப் பேச்சு.

ஆனாலும் சொல்கிறேன், அந்த 35,000 ஹெக்டேர் என்ற எண்ணை யாரோ ஒருத்தர் வெயிலில் நின்று அளந்திருக்கிறார். அவர் அதைத் துறைப் பத்திரிகையில் போட்டுவிட்டுப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போயிருந்தால் எங்களுக்கு இந்தப் பத்தாயிரமும் இல்லை. கூட்டம் வேண்டாம். ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

கணியம்பாடிக்காரன்:

எல்லாப் பிரச்சினைக்கும் எதிர்த் தரப்பு இருக்காது அண்ணே. எங்கள் ஒன்றியத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் கனமான விஷயம்.

சி.எம்.சி. சமூக மருத்துவத் துறை எங்கள் ஒன்றியத்தில் ஒரு அடுக்கு வைத்திருக்கிறது. கிராமத்திலேயே இருக்கும் பகுதி நேரச் சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேல் உதவியாளர், செவிலியர், மருத்துவர். யார் வீட்டில் கர்ப்பம், யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் சாவு என்று கீழிருந்து மேலே தகவல் போய்க்கொண்டே இருக்கும். செத்தவர் எப்படிச் செத்தார் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்வார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்துத் தற்கொலைக் கணக்குப் பார்த்தபோது லட்சம் பேருக்கு வருஷம் 95 வந்தது. அந்தக் காலத்தில் போலீஸ் கணக்கை வைத்து நாடு முழுக்கச் சொல்லப்பட்டது பத்துச் சொச்சம். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளில், 10 முதல் 19 வயதுப் பெண்களில் அது 148. உலகத்தின் பெரிய மருத்துவ இதழ்களில் 2003, 2004-ல் வந்தது.

இந்த எண்ணை டெல்லியில் உட்கார்ந்து எடுக்க முடியுமா? கேஸ் ஆகிவிடுமே என்று "வயிற்று வலி" என்று எழுதிக்கொடுத்த குடும்பம், தெரிந்த பெண்ணிடம் மட்டும்தான் உண்மை சொன்னது. அந்தப் பெண் களப்பணியாளரா, ஆய்வாளரா? இரண்டும்தான். நான் கேட்கிற இணைப்பு இதுதான். ஹாலில் போடுகிற கூட்டத்தைப் பற்றி நான் கனவு காணவில்லை.

கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் அப்படித்தான். தொழுநோய்க்காரர் காலில் ஏன் புண் வந்துகொண்டே இருக்கிறது என்று ஆராய்ந்த மருத்துவரும், மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைத்தவரும், அதைப் போட்டு நடந்து பார்த்தவரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். உணர்ச்சியற்ற காலில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது ஆராய்ச்சி. அடுத்த வாரம் அந்தச் செருப்பு மாறும், அதுவும் ஆராய்ச்சிதான்.

ஓய்வுபெற்ற பி.டி.ஓ.:

எல்லோருக்கும் வணக்கம். அரசாங்கத்தை யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் வருகிறேன்.

கணியம்பாடிக்காரன் தம்பி சொன்ன இரண்டு உதாரணமும் பெரிய ஆஸ்பத்திரி பின்னால் நிற்பதால் நடந்தவை. நூறு வருஷத்துக்கு மேலாக ஊரிலேயே இருக்கிற நிறுவனம், அதன் சொந்தச் சம்பளம், சொந்த ஜீப். இதைப் பார்த்து ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தையும் ஒரு கலைக் கல்லூரியையும் அப்படியே செய் என்றால் எப்படி? அவர்களுக்குத் திட்டம் மூன்று வருஷம், அதில் முதல் வருஷம் ஆள் எடுப்பதிலேயே போய்விடும்.

ஆய்வறிக்கை எங்கள் ஆபீசுக்கு வராமல் இல்லை. வரும், பைண்டிங் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் வருகிற நேரம் மார்ச் மாசம். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவு செய்து முடிக்க வேண்டிய மனுஷன் அதை எப்படிப் படிப்பான்? படித்துப் பரிந்துரையைச் செய்ய நினைத்தாலும் அதற்குத் தனித் தலைப்பில் நிதி இருக்காது. பல அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் "அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று இருக்கும். எந்த அலுவலர், எந்தத் திட்டத்தில், எந்த மாசம்? அது இருக்கிற அறிக்கையை என் சர்வீசில் அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

இன்னொரு விஷயம், கோபப்படாதீர்கள். களத்துக்காரர்களும் உண்மையைக் கேட்கத் தயாராக இல்லை. நாகநதியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறைகிணறும் தடுப்பும் கட்டினார்கள். உழைப்பு பொய்யில்லை, நானே பார்த்தேன். நதி உயிர் பெற்றது என்று டெல்லி வரைக்கும் பேசிவிட்டார்கள். ஆனால் 2015-லும் 2021-லும் இங்கே கொட்டிய மழை எவ்வளவு? 2021 நவம்பரில் பாலாறே இரு கரையும் தொட்டு ஓடியது. உறைகிணறு எவ்வளவு செய்தது, மழை எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல, வேலை நடக்காத பக்கத்து ஓடையில் நாலு கிணற்றையாவது முதல் நாளிலிருந்து அளந்திருக்க வேண்டும். இதை ஒரு கூட்டத்தில் கேட்டேன். திட்டத்துக்கு எதிரி மாதிரி பார்த்தார்கள்.

கணியம்பாடிக்காரன்:

சார், நிதி கொடுப்பவர் தோல்வியைப் படித்தால் அடுத்த வருஷம் பணம் வராது. நாங்கள் என்ன செய்வது? நான் வேலை பார்த்த இடத்தில் ஆடு கொடுக்கிற திட்டத்தில் பாதி ஆடு செத்துப்போனது. அறிக்கையில் "பயனாளிகள் அனுபவம் பெற்றனர்" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

வறண்ட கிணறு:

அண்ணே, நீங்கள் மேலே கேட்டதற்கு உங்கள் ஆடே பதில் சொல்லிவிட்டது. இதற்குத்தான் தூரம் வேண்டும் என்கிறேன். ஆடு ஏன் செத்தது என்று உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவன் கேட்க வேண்டும். எந்தப் பருவத்தில் கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்களா, மேய்ச்சல் புறம்போக்கு மிச்சம் இருக்கிறதா என்று.

ஆரணி அக்கா:

ஆடு செத்தது என்று அந்தப் பெண்களைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் காரணம் சொல்வார்கள். வெளியூர்ச் சந்தையில் மொத்தமாக வாங்கி, லாரியில் நசுக்கி ஏற்றி, விழா நடத்த வேண்டுமே என்று அடை மழையில் கொடுத்திருப்பார்கள். இதற்கு முனைவர் பட்டம் வேண்டாம். கேட்டவன் எழுத வேண்டும், எழுதியதை மேலே இருப்பவன் அடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பேரணாம்பட்டு பெண்குரல்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பீடி. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் என்று எத்தனையோ வீட்டில் இதுதான் அடுப்பெரிய வைக்கிறது. இங்கே ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு தடவை இரண்டு பிள்ளைகள் டேப்லெட்டோடு வந்தார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?" எங்களுக்கு மணி நேரம் ஏது? ஆயிரம் பீடிக்குக் கூலி. காலையில் இலை நனைத்து வைப்போம், சமைப்போம், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு இலை வெட்டுவோம். சுருட்டுவோம், நடுவில் தண்ணீர் பிடிக்க ஓடுவோம், மாமியாரும் பெரிய பெண்ணும் முனை மடிப்பார்கள், ராத்திரி 25, 25-ஆகக் கட்டுவோம். இதில் என் மணி எது, என் மகள் மணி எது? அந்தப் பிள்ளை "எட்டு" என்று போட்டுக்கொண்டது. எட்டு போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம்.

என் கணக்கில் வேறு கேள்வி இருக்கிறது. கொடுத்த இலையில் எவ்வளவு ஓட்டை, எவ்வளவு கிழிசல்? அந்தக் குறையை ஈடுகட்ட நான் கடையில் வாங்கிய இலைக்கு எவ்வளவு? கொண்டுபோன பீடியில் எத்தனை கட்டை சொத்தை என்று தள்ளினார்கள், தள்ளியதை என்ன செய்தார்கள்? இதைக் கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு என்று சட்டத்தில் இருக்கிற கூலிக்கும் கையில் வருகிற கூலிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அதை எண்ணிக் கொடுக்கிற ஆய்வாளர் வரட்டும், பாய் விரித்து உட்கார வைக்கிறேன்.

அப்புறம் கூட்டம் வேலூரில் என்றால் எனக்கு அரை நாள் போகும். அரை நாள் என்றால் ஐந்நூறு பீடி. அதை யார் தருவார்கள்? பேராசிரியருக்குப் பயணப்படி உண்டு.

ஓய்வுபெற்ற பி.டி.ஓ.:

அம்மா சொல்வது நியாயம். அதனால் புதுக் கூட்டம் வேண்டாம், இருக்கிற கிராம சபையைப் பிடியுங்கள் என்கிறேன். முன்பு வருஷத்துக்கு நாலு. இப்போது மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் சேர்த்து ஆறு. மார்ச் 22 அன்று கிணற்று ஆய்வைப் படித்தால் பொருத்தமாக இருக்கும். முன்கூட்டியே பொருள் பட்டியலில் சேர்க்கக் கடிதம் கொடுத்தால் தீர்மானமாகவும் பதிவாகும். தீர்மானம் இருந்தால் ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும். பாலாற்றங்கரை கேட்ட கட்டாயம் கொஞ்சமாவது வரும்.

ஆரணி அக்கா:

கிராம சபையில் கையெழுத்து வாங்குவதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள் சார். ஆனாலும் ஹாலைவிட அது மேல். வறண்ட கிணறு தம்பி, வருகிற மார்ச் 22-க்கு உன் கண்டுபிடிப்பைப் படிக்கிறாயா? பத்து நிமிஷம், ஸ்லைடு கிடையாது.

வறண்ட கிணறு:

படிக்கிறேன் அக்கா. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்கள் யாரும் பேசாத சிக்கல். என் ஆய்வில் முக்காலும் பங்குக் கிணறு. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பங்கு, ஆளுக்கு இவ்வளவு மணி நேரம் மோட்டார். இப்போது தண்ணீர் குறைந்ததால் முறையைத் திருடுகிறார்கள். ஒருவர் பக்கத்திலேயே போர்வெல் போட்டு அடியிலிருந்து இழுக்கிறார். என்னை நம்பித்தான் இதைச் சொன்னார்கள். ஆய்வேட்டில் "விவசாயி 14" என்று எழுதினால் சென்னையில் யாருக்கும் தெரியாது. அதையே கிராம சபையில் "மேற்கே ஏரிக்கரை ஓரம் ஒரு கிணறு" என்று தொடங்கினாலே போதும், ஐந்து நிமிஷத்தில் ஆள் பிடிபடுவார். அதில் சாதியும் இருக்கிறது. காலனிப் பக்கத்துக் கிணறுகள் ஏன் ஆழமில்லை என்று நான் சொன்னால் அன்றைக்கு ராத்திரி என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பேரை மறைப்பது வெளியூர் வாசகருக்குச் சரி. உள்ளூர்க்காரர் முன்னால் அது நிற்காது.

கணியம்பாடிக்காரன்:

இதை நான் யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கையாகக் கொடுக்கலாமே? நூறு கிணற்றில் இத்தனை வற்றியது, இத்தனை அடி இறங்கியது என்று.

வறண்ட கிணறு:

அந்த ஊரில் நான் பார்த்தது 31 கிணறு அண்ணே. இதில் எண்ணிக்கைக்குப் பின்னால் ஒளிய முடியாது.

ஓய்வுபெற்ற பி.டி.ஓ.:

அப்படியானால் பக்கத்து ஐந்து ஊராட்சியைச் சேர்த்து ஒன்றிய அளவில் சொல்.

பாலாற்றங்கரை:

ஒன்றிய அளவில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் முதலில் சொன்னதே சரி. போர் போடுவதற்கு அனுமதி வேண்டும், இடைவெளி வேண்டும் என்று சட்டப்படி போங்கள்.

ஆரணி அக்கா:

தம்பி, நீ முதலில் சொன்னவர்களிடமே போ. 31 வீட்டுக்கும் மறுபடி போய், "நீங்கள் சொன்னதை நான் இப்படி எழுதியிருக்கிறேன், ஊர் முன்னால் இதில் எதைச் சொல்லலாம்?" என்று கேள். ஏரிக்கு வருகிற வாய்க்காலை யார் அடைத்தார்கள் என்று சொல்லச் சொல்வார்கள், பார். பங்குச் சண்டையைச் சொல்லாதே என்பார்கள். அதை விட்டுவிடு. காலனிக் கிணறு விஷயத்தைக் காலனிக்காரர்கள் சொல்லச் சொன்னால் மட்டும் சொல், அதுவும் அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு. நான் கூட வருகிறேன். படிவக் கூலி வேண்டாம், பஸ் காசு கொடு.

வறண்ட கிணறு:

வாய்க்காலை அடைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில்தான் நான் மூன்று மாசம் தங்கியிருந்தேன்.

பேரணாம்பட்டு பெண்குரல்:

அப்படியென்றால் அவரிடம் முதலில் போ, தம்பி. போய்விட்டு வந்து இங்கே எழுது. அப்புறம் பீடி இலைக் கணக்குக்கு யார் வருகிறீர்கள்? சரக்குப் போடுகிற நாளில் வராதீர்கள், மற்ற நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம். டேப்லெட் வேண்டாம், தராசு கொண்டு வாருங்கள்.